ஜாக் வைத்த இடம்

சக்கரத்தின் உச்சியில் இடது கை, அடியில் வலது கை. மேல் கை தள்ளும்போது கீழ்க் கை இழுக்க வேண்டும், பிறகு மாற்றி. இப்படி ஆட்டிப் பார்க்கும்போது விமலன் கண்ணை மூடிக்கொள்வான். பக்கத்தில் நிற்கிற காரின் சொந்தக்காரர் பேச்சுக் கொடுத்தால், "கொஞ்சம் இருங்க பாஸ், காடி என்னமோ சொல்லுது" என்பான். உள்ளங்கையில் லேசாக ஒரு தட்டு உணர்ந்ததும் கண் திறக்கும். ஒரு தடவை உணர்ந்தது போதாது. இன்னும் இரண்டு தடவை ஆட்டுவான். மூன்று தடவையும் தட்டினால்தான், "ஜாயிண்டு போயிருச்சு" என்று வாய் திறந்து சொல்வான்.

கிள்ளான் துறைமுகப் பக்கம் பண்டமாரானில் டயர் கடைக்கும் இரும்புக் கடைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட அவன் பட்டறையில் இரண்டு கார்கள் நிற்கலாம். மூன்றாவது வந்தால் அதன் மூக்கு ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லோரிகள் கடக்கும்போதெல்லாம் சுவரில் மாட்டிய ஸ்பேனர்கள் கிலுகிலுக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் அவன் காது வேலை செய்கிறது. எல்லா வேலையும் தெரிந்தவன்தான். ஆனால் காரின் அடியிலிருந்து வரும் சத்தம் என்றால் காப்பாரிலிருந்தும் பந்திங்கிலிருந்தும் ஆட்கள் தேடி வருகிறார்கள். மற்ற ஃபோர்மேன்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'சத்தம் விமலன்'. அதில் கேலி பாதி, பொறாமை பாதி.

வயது நாற்பத்து மூன்று. ஒல்லியான உடம்பு. முழங்கால் இரண்டிலும் காய்ப்பு. சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு மண்டியிட்டு வந்தது. ஒரு நட்டை இறுக்கி முடித்தால் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் வெள்ளைச் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவான். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்த கார் பட்டறையை விட்டுப் போகும் முன் மூன்று சுற்று ஓட்டிப் பார்ப்பான். முதல் சுற்று கண்ணாடியை இறக்கிவிட்டு. இரண்டாவது கண்ணாடியை ஏற்றிவிட்டு. மூன்றாவது சுற்றில் சொந்தக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, இவன் குனிந்தபடி சக்கரத்தோடு கூடவே ஓடுவான். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மறுநாள் காலையில் போன் செய்வான். "அண்ணே, சத்தம் ஏதும் கேக்குதா?"

"இல்லையே."

"லெஃப்ட்ல திருப்பும்போது?"

"இல்லப்பா."

"ஹம்ப் ஏறும்போது?"

"டேய், நீ காடி ரிப்பேர் பண்ணியா, பொண்ணு கட்டிக் குடுத்தியா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டே விட்டார். அன்றும் அவன் சிரிக்கவில்லை. "ரிவர்ஸ்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தான்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது அவன் அக்கா ராஜேஸ்வரிக்குத் தெரியும். ஆறு வயது மூத்தவள். பட்டறையின் மூலையில் மின்விசிறிக்கு அடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். உதிரிப் பாகங்களுக்குப் போன் போடுவதும், வருகிறவர்களை வரிசைப்படுத்துவதும் அவள் வேலை. தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது வடக்குத் துறைமுகம் போகும் வழியில், சுற்றுவட்டத்தில் ஒரு கார் மூக்கு குத்தி நிற்பதை அவன் பார்த்தான். பால் ஜாயிண்டு கழன்றிருந்தது. சக்கரத்தை, அதைத் தாங்கும் 'ஆர்ம்' என்கிற இரும்புக் கையோடு சேர்த்துப் பிடிக்கிற எஃகு உருண்டை அது, கிண்ணத்துக்குள் உருளும். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் சக்கரத்தைப் பிடிக்க ஒன்றும் இல்லை. சக்கரம் மடங்கிய கணுக்கால் மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. ஓட்டி வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். ஆனால் விமலன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "முன்னாடி லோரி வந்திருந்தா, அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"இவன மாதிரி கையி கிள்ளான்ல கிடையாது" என்று ராஜேஸ்வரி வருகிறவர்களிடம் சொல்வாள். அதே மூச்சில் அவன் பக்கம் திரும்பி, "எத்தன தடவடா அதே நட்ட இறுக்குவ? நட்டு அழுதுரும்" என்பாள்.

போன செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு அவன் அய்யாவு அங்கிளின் பழைய சாகா காரில் வேலை செய்துகொண்டிருந்தான். அய்யாவு ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். கார் பட்டறையில் இருக்கிற வரைக்கும் அவரும் இருப்பார். பிளாஸ்டிக் நாற்காலியைக் காருக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு, உறையில் கட்டி வாங்கிய, பால் சேர்க்காத கோப்பி ஓவை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கருத்துச் சொல்வார்.

வேலை பாதி தாண்டியிருந்தது. நட்டு கழலாமல் தடுக்கும் குறுக்குப் பின்னின் கால்களை நிமிர்த்தி உருவி எடுத்தாயிற்று. நட்டைக் கழற்றியதும் ஜாயிண்டின் தண்டு துளைக்குள் இறுகிப்போய் வர மறுத்தது. ஒரு சுத்தியலைப் பின்னால் முட்டுக் கொடுத்து, இன்னொன்றால் இரும்பின் கன்னத்தில் இரண்டு அடி. மூன்றாவது அடியில் 'டப்' என்று விட்டுக் கீழே இறங்கியது. பழையதை அழுத்தி வெளியே தள்ளி, துளையைத் துணியால் துடைத்து, விரல் விட்டுத் தடவிப் பார்த்து, புதியதை அழுத்தி உள்ளே ஏற்றினான். நட்டை அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கினான். நட்டின் பிளவும் தண்டின் துளையும் ஒரு மயிரிழை தள்ளி நின்றன.

"கொஞ்சம் லூஸ் பண்ணினா நேரா வந்துரும்லா" என்றார் அய்யாவு.

"லூஸ் பண்ணக் கூடாது அங்கிள். இறுக்கித்தான் நேராக்கணும்." இறுக்கினான். புதுப் பின்னைச் செருகி இரண்டு கால்களையும் விரித்து மடக்கினான். பழைய பின்னைத் திரும்பப் போடுகிற வழக்கம் அவனிடம் இல்லை.

அய்யாவுக்கு அடக்க முடியவில்லை. "எல்லாம் சரி. ஆனா காலையில செக் பண்ணினியே, ஜாக்கிய பாடிக்குக் கீழ வெச்சில்ல தூக்குன? என் பழைய பிக்கப்புக்கு அந்தக் காலத்து ஃபோர்மேன் ஆர்முக்குக் கீழதான் வெப்பான். நீ யாருகிட்டப்பா தொழில் படிச்ச?"

விமலன் கோபப்படவில்லை. தொழிலைப் பற்றிக் கேட்டால் அவனுக்குக் கோபம் வராது. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அது வேற, இது வேற அங்கிள். உங்க பிக்கப்புல ஸ்பிரிங்கோட பாரம் முழுக்கக் கீழ் ஆர்ம் மேல உக்காந்திருக்கும். பாடியத் தூக்குனீங்கன்னா ஸ்பிரிங் ஆர்ம அமுக்கிப் பிடிச்சுக்கும். ஜாயிண்டு எவ்ளோ தேஞ்சிருந்தாலும் ஆடாது. புதுசு மாதிரி நிக்கும், நம்மள ஏமாத்திரும். அதனால ஆர்முக்குக் கீழ ஜாக் வெச்சு, அந்தப் பாரத்த எடுத்துட்டுத்தான் பாக்கணும். இந்தச் சின்னக் காடிங்களுக்கு அப்படி இல்ல. மைவி, சாகா எல்லாம் பாடியிலயே தூக்கலாம். பிக்கப்பு, பழைய வேனு, இதுங்களுக்குத்தான்..."

நிறுத்தினான்.

கையில் இருந்த துணி கீழே விழுந்தது. ராஜேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா?"

"அக்கா, போன வியாழக்கிழம சந்திரகலா அக்கா வேன எங்க நிறுத்துனோம்?"

"ரோட்டோரம். உள்ள இடம் இல்லன்னு."

"ஜாக்கிய எங்க வெச்சேன்?"

"அத என்கிட்ட கேட்டா?"

அவனுக்கே தெரியும். முழங்கால் நினைவு வைத்திருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம். வேனின் இடது முன்பக்கம், கதவுக்கு நேர் கீழே, சேசிஸில் ஜாக்கை வைத்தான். பத்து வருடமாக மைவிக்கும் சாகாவுக்கும் வைத்துப் பழகிய கை தானாக அங்கே போய்விட்டது. சக்கரத்தை ஆட்டினான். ஆடவில்லை. மூன்று தடவை பார்த்தான். மூன்று தடவையும் அதே தவறான வழியில். ஜாயிண்டு நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி, கொஞ்சம் தளர்ந்திருந்த ஸ்டெபிலைசர் லிங்க்கை மட்டும் மாற்றினான். வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்து கேட்டான். "சத்தம் கொறைஞ்சிருச்சு தம்பி. உங்க கை பட்டாலே சரியாப் போயிருதுலா" என்றார் சந்திரகலா. அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

கொறைஞ்சிருச்சு என்றுதான் சொன்னார். நின்னுருச்சு என்று சொல்லவில்லை.

சந்திரகலா பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஐம்பது வயது. பதினொரு பிள்ளைகள். பன்னிரண்டு மணிக்குப் பாலர் பள்ளியில் நான்கு சிறிசுகளை ஏற்றிக்கொண்டு, அவர்களோடு பெரிய சாலை வழியாகத் தமிழ்ப்பள்ளி வாசலுக்குப் போய் நிற்பார். ஒரு மணிக்கு மணி அடித்ததும் மற்ற ஏழு பேரும் ஏறுவார்கள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் காட்டியது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"ஓட்டும்போது எடுக்க மாட்டாங்கடா" என்றாள் ராஜேஸ்வரி. "பைக்குள்ள போட்டு ஜிப் இழுத்துருவாங்க. நீயே அன்னிக்கு அத மெச்சுன."

"நீ விடாம அடி அக்கா."

தன் மோட்டோ சைக்கிளின் கூடைக்குள் போத்தல் ஜாக்கையும் ஒரு கடப்பாரையையும் பலகைத் துண்டையும் போட்டான். ஹெல்மெட்டை மாட்டினான். அய்யாவு எழுந்து நின்றார். "என் காடி?"

"இன்னும் டெஸ்ட் ஓட்டல. எடுக்காதீங்க அங்கிள். சத்தியமா எடுக்காதீங்க."

பாலர் பள்ளியின் கேட் பூட்டியிருந்தது. வெளியே குப்பை கூட்டிக்கொண்டிருந்த பெண், "வேனா? இப்பத்தான் போச்சு" என்றாள்.

பெரிய சாலையில் ஏறியதிலிருந்து அவன் கண் சாலையில் இல்லை, சாலையோரத்தில்தான் இருந்தது. வாய்க்கால் ஓரம், மேம்பாலத்தின் அடி, பெட்ரோல் நிலையத்தின் வாசல். வெள்ளையாக எது நின்றாலும் சந்திரகலாவின் வேனோ என்று வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். ஒரு இடத்தில் வாகனங்கள் நகராமல் தேங்கி நின்றன. விபத்தோ? சந்துகளில் புகுந்து முன்னால் போய்ப் பார்த்தால், சமிக்ஞை விளக்கு வேலை செய்யவில்லை. அவ்வளவுதான்.

அதைத் தாண்டியதும் வேன் தெரிந்தது. இரண்டு கண்டெய்னர் லோரிகளுக்கு நடுவே நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் ஒரு பிள்ளை மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு அவனைப் பார்த்து நாக்கை நீட்டியது.

இடப்பக்கமாக ஒட்டிப் போனான். முன் சக்கரத்தைப் பார்த்தான். சாலையின் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடத்திலும் அந்தச் சக்கரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது, ஆமாம் ஆமாம் என்பதுபோல. ஹாரன் அடித்தான். வேகம் கூட்டி வலப்பக்கம் வந்து ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டினான். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான்.

கிள்ளானில் மோட்டோவில் வந்து காரின் கண்ணாடியைத் தட்டுகிறவனைக் கண்டால் எந்தப் பெண்ணும் நிறுத்த மாட்டாள். கைப்பையைப் பிடுங்குகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். கறுப்புக் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட், கூடைக்குள் கடப்பாரை. சந்திரகலா ஒரு தடவைதான் பார்த்தார். கதவுப் பூட்டை அமுக்கினார். வேகத்தைக் கூட்டினார்.

இப்போது அந்தச் சக்கரத்துக்கு வேண்டாத ஒன்றே ஒன்று வேகம்தான். அதை விமலனே கொடுத்துவிட்டான். சட்டென்று மோட்டோவின் வேகத்தைக் குறைத்தான். பின்னுக்குப் போனான். இன்னும் பின்னுக்கு. வேன் மெதுவாகிறதா என்று பார்த்தான். மெதுவானது.

அதற்குப் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. ஐம்பது அடி தள்ளி, ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கைக்குள் மாட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு பின்னால் போனான். வேனின் பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரியாதா என்ற ஆசை. தெரியவில்லை. இரண்டு கிலோமீட்டர் தூரம் அப்படி. அந்தச் சாலையில் எங்கே குழி, எங்கே மேடு என்று அவனுக்கு அத்துப்படி. எத்தனை கார்களை அதே சாலையில் ஓட்டிச் சோதித்திருக்கிறான். சின்னத் தொழுகைக்கூடமான சூராவின் எதிரில் முதல் ஹம்ப். வேன் ஏறியது, இறங்கியது. அவன் மூச்சு விட்டான். கடைவீதி முனையில் இரண்டாவது. அங்கே இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இறங்க வேண்டும். பாரம் முழுக்க வலப்பக்கம் சாயுமா இடப்பக்கம் சாயுமா என்று மனம் கணக்குப் போட்டது. வலப்பக்கம். வலப்பக்கம்தான். முருகா, வலப்பக்கம். வேன் திரும்பி இறங்கியது.

தமிழ்ப்பள்ளியின் வாசலில், மழைமரத்தின் அடியில், எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார் சந்திரகலா. விமலன் மோட்டோவைப் போட்டது போட்டபடி ஓடினான்.

"அட, தம்பியா! நீங்களா? நான் எவனோ பைய புடுங்க வரான்னு நெனச்சு... ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"பிள்ளைங்கள இறக்குங்கக்கா."

"இன்னும் ஏழு பேரு ஏறணுமே."

"யாரும் ஏற வேண்டாம். சாவிய எடுங்க."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு நான்கு பேரையும் இறக்கி, மரத்தைச் சுற்றிய சிமெண்டுத் திட்டில் உட்கார வைத்தார். விமலன் பலகையைப் போட்டு அதன்மேல் ஜாக்கை நிறுத்தினான். இந்த முறை கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயிண்டுக்குப் பக்கத்தில். சக்கரம் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பியதும் நிறுத்தி, கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்து மெல்ல நெம்பினான்.

'டக்.'

சக்கரம் மேலே போய்க் கீழே வந்தது. இரும்புக் கை அசையவில்லை. நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி திறந்து மூடியது. ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. உள்ளேயிருந்து துருப்பொடி சிவப்பாகக் கொட்டியது. மறுபடி நெம்பினான். டக். மூன்றாவது தடவை நெம்பவில்லை. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான்.

"இதுலயா நான் இவ்ளோ தூரம் வந்தேன்?" என்றார் சந்திரகலா. அவர் கை தானாகப் போய் மரத்தைப் பிடித்துக்கொண்டது.

போனை எடுத்தான். "அக்கா, கெடச்சிட்டாங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க. கீழ் ஜாயிண்டு சொல்லிவிடு. லெஃப்ட்... இல்ல, ரெண்டு பக்கமும். இழுவ லோரியும் சொல்லு. இத ஓட்டிட்டு வர முடியாது." மறுமுனையில் ராஜேஸ்வரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு, "தண்ணி குடிச்சியாடா?" என்றாள்.

ஒரு மணிக்கு மணி அடித்தபோது விமலன் வேனின் அடியில் படுத்து மறுபக்க ஜாயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் பையும் தண்ணீர்ப் போத்தலுமாக வெளியே வந்து குவிந்தார்கள். வேன் ஜாக்கின் மேல் நிற்பதைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். மற்ற வேன்காரர்கள் இரண்டிரண்டு பேராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார்கள். சபாபதி என்ற தகப்பன் மட்டும் நகரவில்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். மகள் இரண்டு வருடமாக இந்த வேனில் போகிறாள். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். தரையில் கொட்டிய துருவைப் பார்த்தார்.

"என்னக்கா இது?"

"பழைய வண்டி தம்பி. இன்னிக்குத்தான் திடீர்னு..."

"திடீர்னா? போன வாரம் சத்தம் கேக்குது, வொர்க்‌ஷாப்ல விட்டு செக் பண்ணிட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? எம்மவ வந்து வீட்டுல சொன்னாளே. எவன் செக் பண்ணான்? அவன் பேரச் சொல்லுங்க."

சந்திரகலா வேனின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு சபாபதியைப் பார்த்தார்.

"அது வேற எடம்லா. காப்பார் பக்கம். பேரு ஞாபகம் இல்ல. இந்தத் தம்பி பாவம், உதவி செய்ய வந்தாரு."

வேனின் அடியிலிருந்து விமலன் முதுகைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தான். எழுந்து நிற்கவில்லை. தார்ச்சாலையில் மண்டியிட்டபடியே, கிரீஸும் துருவும் அப்பியிருந்த வலது கையை, அத்தனை பேருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே உயர்த்தினான்.